காற்றில் ஒரு தீவு

"மேடம், இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

அவன் அவசரமாகப் படத்தை மூடப் போனான்.

சரிபார்ப்பு அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் பார்த்தார். ஆபீசில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர்.

அந்த விண்வெளி மையத்தில் அவன் ஒப்பந்த ஊழியன். விண்கலம் அனுப்புகிற படங்களைச் சுத்தம் செய்து தெளிவாக்கித் தருவது வேலை. "படம் பாக்கிறதுக்கா மாப்பிள்ளை சம்பளம் தர்றாங்க?" என்று மாமனார் கேட்காத நாள் இல்லை.

நாலு நாள் முன்னால்தான் அவன் தலையெழுத்தே மாறியது.

சனிக்கிரகத்தின் பெரிய நிலாவிலிருந்து ஒரு படம் வந்தது. ஆரஞ்சுப் புகைமூட்டத்துக்கு அடியில் கறுப்பாக ஒரு கடல். தண்ணீர் அல்ல, கடுங்குளிரில் திரவமாகிப்போன எரிவாயு. அதன் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி.

"சார், தீவு!" என்று முதலில் கத்தியவன் அவன்தான்.

டைரக்டரே இறங்கி வந்து கைகுலுக்கினார். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடச் சொன்னார். "உங்க வேலையை நிரந்தரம் பண்றதைப் பத்தியும் பேசுவோம்" என்று காதில் போட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் ஒரே கொண்டாட்டம். "சனி பிடிச்சா ஆட்டி வைக்கும்னு சொல்வாங்க. நம்மளைத் தூக்கி வச்சிருக்கு பாருங்க!" என்று மனைவி சிரித்தாள். மகள் வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்தாள்.

பூதக்கண்ணாடி ஒருவர்தான் முகத்தைச் சுளித்தார். "இன்னொரு படம் வரட்டும் சார். அவசரப்பட வேண்டாம்."

டைரக்டர் எல்லோர் முன்னிலையிலும் சிரித்தார். "நீங்க நிலாவையே நம்ப மாட்டீங்க மேடம்!"

அறையே சிரித்தது. அவனும்தான்.

இன்று மூன்று மணிக்குப் பத்திரிகையாளர் கூட்டம். காலை பதினொரு மணிக்கு அடுத்த படம் வந்தது.

இதில் கடலே இல்லை. நிலாவின் விளிம்பு மட்டும். அதைச் சுற்றி வெங்காயத்தோல் மாதிரி அடுக்கடுக்காகக் காற்றுமண்டலம். தரையை விட்டு வெகு உயரத்தில், அந்தக் காற்றுக்குள், அதே வெள்ளைப் புள்ளி. முதல் படத்தில் எந்த இடத்தில் இருந்ததோ, இதிலும் இம்மி பிசகாமல் அதே இடம்.

காற்றில் தீவு மிதக்குமா?

தீவும் இல்லை, திட்டும் இல்லை. எதைப் படம் எடுத்தாலும் கூடவே வருகிற புள்ளி; கேமராவுக்குள் ஏதோ பழுது.

சுற்றும் முற்றும் பார்த்தான். யாரும் கவனிக்கவில்லை. படத்தை எடுத்துப் பழைய படங்களோடு சேர்த்துப் போட்டான். கூட்டம் முடியட்டும், வேலை கைக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. தொலைபேசி அடித்தபோதெல்லாம் உயிர் போய்ப் போய் வந்தது. மனம் கேட்காமல், இரண்டு மணிக்கு அந்தப் படத்தை இன்னொரு தடவை திறந்தான்.

பின்னால் நிழல் விழுந்தது.

"எத்தனை மணிக்கு வந்துச்சு இது?" என்று கேட்டார் பூதக்கண்ணாடி.

"பதினொண்ணு..."

"ம்."

"மேடம், எனக்குக் குழந்தை இருக்கு மேடம். இன்னும் ஒரு மணி நேரம். கூட்டம் முடிஞ்சதும் நானே சொல்லிடறேன்."

அவர் படத்தை அச்செடுத்தார். தன் மேஜைக்குப் போய் வேகவேகமாக ஏதோ தட்டச்சு செய்தார். பிறகு இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்குள் போனார்.

அவ்வளவுதான், முடிந்தது. அன்றைக்குச் சிரித்ததற்குப் பழி வாங்குகிறாள் மகராசி. அவள் சொன்னதுதானே கடைசியில் சரியாகப் போயிற்று? விடுவாளா?

மாமனார் முகம் கண்முன் வந்தது. அதைவிட மகள் முகம்.

இன்டர்காம் அலறியது. "உடனே உள்ள வாங்க!" டைரக்டர்.

இருபது அடி நடைபாதை. இருபது மைல் போல இருந்தது.

உள்ளே டைரக்டர் கையில் அந்தத் தாள். ஓரமாகப் பூதக்கண்ணாடி நின்றிருந்தார்.

"இன்னும் அரை மணியில பத்திரிகைக்காரங்க வந்துடுவாங்க. தெரியுமில்ல?"

"சா... சார்..."

"தீவுன்னு சொல்லியிருந்தா உலகமே நம்மளைப் பாத்துக் கைகொட்டிச் சிரிச்சிருக்கும். என் மானம் கப்பலேறியிருக்கும்!"

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"தீவைக் கண்டுபிடிச்ச ஆளே, 'இது தீவு இல்லை, பழுது'ன்னு எழுதிக் கொடுக்கறதுக்கு எவ்வளவு நெஞ்சுறுதி வேணும்! இப்படி ஒருத்தரைத்தான்யா நிரந்தரமா வச்சுக்கணும்."

அவன் கண்ணைத் திறந்தான். டைரக்டர் தாளை நீட்டினார். 'பழுதைக் கண்டறிந்தவர்' என்ற இடத்தில் அவன் பெயர். 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் அவர் கையெழுத்து.

"நீங்க சந்தேகம்தான் பட்டீங்க மேடம். கண்டுபிடிச்சது என்னவோ இவர்தான்!" என்று அவரைச் சீண்டினார் டைரக்டர்.

"ஆமா சார். அவர் பாத்ததுக்கு அப்புறம்தான் நான் பாத்தேன்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. முந்தானையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டைரக்டர் கைகுலுக்கக் கையை நீட்டினார். இப்போதுதான் அவனுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. காலையிலிருந்து பட்டது ஒன்றுமே இல்லை என்பது போல ஒரு பயம்.

அந்தக் கையைத் தொடாமல் நின்றான்.

"முதல்ல பாத்தது நான்தான் சார்," என்றான். "மூணு மணி நேரம் மறைச்சு வச்சதும் நான்தான்."