பாய்லரிடம் ஒரு வார்த்தை

கொடைக்கானல் செபஸ்தியானுக்குக் கால் ஊறவைக்கிற தண்ணீர் சுடவே இல்லை. பழைய பாய்லரைப் பழுது பார்ப்பதா, புதுசு வாங்குவதா என்று ஒரே குழப்பம். எதுவானாலும் பாய்லரிடமும் ஒரு வார்த்தை கேட்பதுதான் இப்போது ஊர் வழக்கம். கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. உங்க காலுக்குத்தான் சூடு உறைக்கலை. மனசு நோகுமேன்னு மாசாமாசம் கொஞ்சம் கூட்டிக்கிட்டே வந்தேன். இனிமே கூட்டினா தோல் வெந்துடும்" என்றது பாய்லர்.

"வெந்நீர் போடுற பயலுக்குத் திமிரைப் பாரு. அப்ப ரிப்பேர் அதுக்கா, எனக்கா?"

அவர் பாய்லரையே முறைத்துக்கொண்டிருக்க, மனைவி ரெஜினா குனிந்து அவர் கால் பெருவிரலை அழுத்திக் கிள்ளினாள்.

"வலிக்குதா?"

"எது?" என்றார் செபஸ்தியான்.