பத்து எண்ணும் வரை

அருவிக்கு எதிரே, ஓடும் தண்ணீரில் ஒரு முக்காலி நின்றுகொண்டிருந்தது. அதன் தலைமேல் ஒரு கேமரா இருந்தது.

“எடுத்த மூன்று படமும் ஆடிப்போச்சு. கிளம்பச் சொல்லி வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். இதுதான் கடைசிப் படம். பத்து எண்ணும் வரை அசையாதே” என்றது கேமரா.

“அசைய மாட்டேன்” என்றது முக்காலி.

அதன் காலடியிலிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்தது. “என் வாசல்ல காலை வச்சிருக்கே. எடுப்பா.”

“பத்து எண்ணுற வரைக்கும் பொறுத்துக்குங்க அண்ணே.”

“எட்டுக் கால் இருக்கிற நானே இந்த இழுப்புல நிற்க மாட்டேன். மூணை வச்சுக்கிட்டு நீ நிற்கப்போறியாக்கும்.”

கேமரா கண்ணைத் திறந்துவிட்டது. முக்காலியும் நண்டும் மனதுக்குள் எண்ணத் தொடங்கின. நான்கு எண்ணும்போது, பாசியில் இருந்த ஒரு கால் வழுக்கப் பார்த்தது. மற்ற இரண்டு கால்களையும் பாறையில் அழுத்திக்கொண்டு முக்காலி விறைத்து நின்றது.

நண்டு அதைப் பார்த்தது. சட்டென்று தன் கொடுக்கால் அந்தக் காலுக்கு முட்டுக்கொடுத்தது.

“வாயைத் திறந்துடாதே, அதுக்கும் ஆடுவே. நான் எண்ணுறேன். அஞ்சு, ஆறு...”

பத்து முடிந்தது. கேமரா படத்தைக் காட்டியது. ஆற்றும் பாலைப்போல அருவி வழவழவென்று இறங்கியது. பக்கத்துப் பாறையின் பாசிகூடத் தெளிவாக இருந்தது.

நண்டு முக்காலியின் மேல் ஏறிவந்து, படத்தை மூலைக்கு மூலை தேடியது. “இதுல நான் எங்கேப்பா?”

“நாம ஆடியிருந்தாத்தானே இதுல தெரிவோம். நல்லவேளை அண்ணே, நீங்களும் இல்லை, நானும் இல்லை” என்றது முக்காலி.