முதல் குரல்

“சந்தையில மத்தி மீன் வந்திருக்கு!”

கண்ணாடி அறைக்குள் ஏலியம்மா உரக்கத் திருப்பிச் சொன்னாள். எதிரே உட்கார்ந்து அட்டையைப் பார்த்து வாக்கியங்களைப் படித்துக்கொண்டிருந்த கணவர் வர்க்கி, சரி என்று தலையாட்டினார். இருபதுக்கு இருபது. இந்த அம்மாவுக்குக் காது கேட்காது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வெளியே கருவியின் முன்னால் இருந்த ஜிஷாவுக்குச் சிரிப்பு வந்தது. காதுக்குள் கருவி பொருத்தும் ஆபரேஷன் யாருக்குப் பலன் தரும் என்று சோதித்துச் சொல்வதுதான் கோட்டயத்து ஆஸ்பத்திரியில் அவள் வேலை. ஏலியம்மா பேசும்போதெல்லாம் பச்சை விளக்கு துள்ளியது. வர்க்கியின் மைக்குக்கான விளக்கு மட்டும் அசையவே இல்லை. பாழாய்ப்போன அந்த ஒயர் போன வாரமே மக்கர் பண்ணியது, எழுதிப் போட்டும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

“வர்க்கிச் சேட்டா, இப்ப அட்டையால வாயை மறைச்சுக்கிட்டுப் படிங்க.”

அவர் மறைத்துக்கொண்டார். ஏலியம்மா திருதிருவென்று விழித்தாள். இருபதுக்குப் பூஜ்யம்.

“வாயை மறைச்சா நான் என்னத்தைக் கண்டேன் மோளே?” என்று கண்ணாடி வழியாகவே சண்டைக்கு வந்தாள்.

காலையில், பதிவு செய்து வைத்திருந்த வேறொரு குரலைப் போட்டுப் பார்த்தபோதும் இதே பூஜ்யம்தான். பன்னிரண்டு வருஷமாக உதட்டைப் பார்த்தே காலம் தள்ளியிருக்கிறாள். இந்தச் சோதனையில் தோற்றவர்களுக்குத்தான் ஜெயம். ஜிஷா திருப்தியோடு குறித்துக்கொண்டாள்.

காலையில் ஜிஷா கேட்ட கேள்விக்கெல்லாம் ஏலியம்மாவே முந்திக்கொண்டு பதில் சொல்லியிருந்தாள், வர்க்கியிடம் கேட்டதற்கும் சேர்த்து.

“வீட்ல சேட்டனுக்குப் பேச இடமே குடுக்க மாட்டீங்களா?”

“எங்க இச்சாயன் என்கிட்ட மட்டும்தான் பேசுவாரு. ஊருக்கெல்லாம் நான்தான்.” புருஷனை அவள் இச்சாயன் என்றுதான் சொன்னாள்.

“காது கேட்டா முதல்ல யார் குரலைக் கேக்கணும் சேச்சி?”

“பேரன் குரல்! குவைத்துல மககிட்ட இருக்கான். மூணு வயசு. வீடியோ போன்ல ‘அம்மச்சீ’ன்னு கூப்பிடறான், வாய் அசையறது மட்டும் தெரியுது. மனசு கிடந்து தவிக்குது மோளே.” சொல்லும்போதே அவள் கண்ணில் நீர் முட்டியது.

இப்போது இருவரையும் எதிரே உட்கார வைத்து, ஏலியம்மாவின் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

“ஆபரேஷன் தாராளமா பண்ணலாம் சேச்சி. ஒரு மாசம் கழிச்சு மிஷினை ஆன் பண்ணுவோம். அன்னைக்கு இங்க ஒரு பழக்கம் உண்டு. டாக்டர், நர்ஸ் எல்லாரும் சுத்தி நிப்போம். வீட்டுக்காரர்தான் முதல்ல பேசணும். நீங்க கேக்கற முதல் குரல் சேட்டனோடதுதான்.”

வர்க்கி சிரித்தபடி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. ஆனந்தம், பாவம் என்று ஜிஷா நினைத்துக்கொண்டாள். ஸ்கேனுக்குத் தேதி வாங்கி வரச் சொல்லி அவரிடம் சீட்டைக் கொடுத்து அனுப்பினாள்.

அவர் போனதும் ஏலியம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

“மோளே, எனக்கு இது ஒத்து வராதுன்னு எழுதிக் குடுத்துடு.”

“என்ன சேச்சி விளையாட்டு? ஆபரேஷனுக்குப் பயமா?”

“மூணு பெத்தவ நான். எனக்கென்ன பயம்?”

“பின்ன? பேரன் குரலைக் கேக்கணும்னு காலையில அழுதீங்களே!”

“ஆசைதான். அதைக் கேட்டுட்டு மறுநாளே கண்ணை மூடினாலும் சரின்னுதான் வந்தேன். இங்க வந்துதான் புத்தி வந்துச்சு.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அத்தனை பேர் முன்னால இச்சாயன் எழுந்து நின்னு பேசணும்னு சொல்றியே. வேண்டாம் மோளே. மகளுக்கும் நீயே சொல்லிடு, உங்கம்மா காதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு.”

ஜிஷாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொருத்தமில்லை என்று கேட்டு வாசலில் அழுதுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்! கிடைத்ததை வேண்டாம் என்று சொல்கிறாளே, அதுவும் புருஷனின் கூச்சத்துக்காக!

“நாப்பது வருஷம் குடும்பம் நடத்தின மனுஷன். பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை பேச அவருக்கு என்ன வெக்கம்?”

ஏலியம்மா ஜிஷாவின் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

“இதோ, நான் பேசறப்ப அதிருது பாரு. முன்னெல்லாம் அவர் நெஞ்சும் இப்படித்தான் அதிரும், அதுலதான் நான் அவர் பேச்சைக் கேட்டுக்கிட்டிருந்தேன். மூணு வருஷம் முந்தி கழுத்துல ஆபரேஷன் பண்ணினாங்க. அதோட குரல் போயிடுச்சு மோளே, வெறும் வாயைத்தான் அசைக்கிறாரு.”

ஜிஷா கண்ணாடி அறைக்குள் இருந்த வர்க்கியின் மைக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

“அது எனக்குத் தெரியாதுன்னு நம்பிட்டிருக்காரு.”