மூலைக்கடை யாருக்கு?

"கிலோ அறுபது தினார்னு எழுதிட்டான்டி. உன் பாடு அவ்வளவுதான்" என்றாள் பக்கத்துக் கடையில் பூண்டு விற்கும் ஸ்லாவிட்சா.

யாஸ்னா எதிரே பார்த்தாள். மியோட்ராகின் லாரி நிறையச் சிவப்புக் குடைமிளகாய்; அவள் முன்னால் நாலே கூடை. லெஸ்கோவாட்ஸ் ஊரே அய்வார் போடும் செப்டம்பர் மாதம். மிளகாயைச் சுட்டு, தோலுரித்து, கிண்டி, ஜாடிகளில் அடைத்துவிட்டால் குளிர்காலம் முழுக்க ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள அதுதான்.

யாஸ்னாவுக்குப் பதினாறு வயது. அப்பா கால் ஒடிந்து வீட்டில் கிடக்கிறார். நாளைக் காலை வாடகை கட்டாவிட்டால் இந்த மூலைக்கடை மியோட்ராகுக்கு.

தன் விலைப் பலகையை அழித்து, 'ஐம்பது' என்று எழுதினாள்.

"பைத்தியமா உனக்கு? அவன்கூட மோதுறியே."

"பயமாத்தான்க்கா இருக்கு."

மியோட்ராக் சிரித்தான். "என்ன பாப்பா, மாமாகூடப் போட்டியா? வாங்கம்மா, நாப்பது, நாப்பது."

அவள் முப்பத்தைந்து என்றாள். அவன் முப்பது என்றான். கூட்டம் அவன் பக்கம் சாய்ந்தது. ஒரு மூட்டை வாங்க வந்தவர்கள் இரண்டாகச் சுமந்து போனார்கள்.

"பின்னாடி தார்ப்பாய்க்குள்ள அடுக்கி வச்சிருக்கியே, அத்தனையும் அழுகப் போகுது" என்றாள் ஸ்லாவிட்சா.

"அது அழுகாதுக்கா."

மதியத்துக்குள் லாரி காலி. "சாமானைக் கட்டிக்கோ பாப்பா. நாளைக்கு இங்க என் கடை" என்று மியோட்ராக் வெறும் லாரியில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

பொழுது சாயும்போது ஊரெங்கும் மிளகாய் சுடும் புகை. யாஸ்னா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மியோட்ராகின் மனைவி கொசாரா ஓடி வந்தாள். கையெல்லாம் சிவப்பு. பின்னாலேயே பத்திருபது பெண்கள்.

"யார்கிட்டயாவது ஜாடி மூடி இருக்கா? போன வருஷத்து மூடி இறுகப் பிடிக்கலை, அய்வார் கெட்டுப்போயிடும். மிளகா மலிஞ்சுதுன்னு ஊரே ரெட்டிப்பா வாங்கிடுச்சு, கடைங்கள்ல ஒரு மூடி மிச்சமில்ல. அங்க அடுப்புல கொதிக்குது."

யாஸ்னா எழுந்தாள். தார்ப்பாயை விலக்கினாள். மூட்டை மூட்டையாகப் பளபளத்தன புத்தம்புது ஜாடி மூடிகள். காலையிலிருந்து அவள் விற்க வந்தது இதைத்தான்.

"வரிசையா வாங்கக்கா, எல்லாருக்கும் இருக்கு. முதல்ல மாமா வீட்டுக்கு."