எதிர்முனையில் நிற்பவர்

ரோட்டில் பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கத்து வண்டிகள் போன பிறகுதான் மறுபக்கத்தை விடுவார்கள். கடைசி வண்டியில் சிவப்புக் குச்சியைக் கொடுத்தனுப்புவார்கள். அது வந்தால்தான் பூவாத்தா இந்த முனையில் ரோட்டுக்குக் குறுக்கே கட்டிய கயிற்றை அவிழ்ப்பாள். எதிர்முனையில் நிற்பவரை அவள் பார்த்ததேயில்லை. குச்சியோடு அவர் பேச்சும் வரும்: “வெயிலு கொளுத்துதாம், தலையில துண்டப் போடச் சொன்னாரு.”

இன்று லாரிக்காரர் குச்சியை மட்டும் நீட்டினார்.

“ஒண்ணும் சொல்லலியா?”

“வேல முடிஞ்சுதாம். உங்க பக்கத்து வண்டிங்க போனதும் ரெண்டு பக்கமும் தொறந்துருவாங்களாம்.”

பூவாத்தா வண்டிகளை மெதுவாக விட்டாள். கடைசிக் காரை மறித்து, குச்சியைக் கொடுத்தாள்.

“அங்க நிக்கிறவரு பேரக் கேட்டுச் சொல்றியா தம்பி?”

“என்னக்கா, சம்பந்தம் பேசவா? நான் இந்தப் பக்கம் திரும்பி வரமாட்டேனே.”

பின்னால் வண்டி எதுவும் இல்லை.

“அப்போ எம் பேரச் சொல்லிரு, பூவாத்தான்னு.”