நாலாவது சக்கரம்

வஹீபா பாலைவன மணல் முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் கல்ஃபான் வண்டியை நிறுத்தினான்.

பின்சீட்டில் அவன் மனைவி ஸுவைனா பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர்.

இறங்கி, காற்றடிக்கும் பம்பை பேட்டரியில் மாட்டினான். மணலில் புதையாமலிருக்க நாலு டயரிலும் காற்றைப் பாதிக்குமேல் இறக்கியிருந்தான். ஒவ்வொன்றையும் ஏற்ற மூன்று நிமிடமாவது ஆகும்.

"இப்பப் போய் காத்தடிக்கிறியே, உனக்கென்ன கிறுக்கா?" ஸுவைனாவின் அக்கா ஷம்ஸா ஜன்னல் வழியே கத்தினாள். "இதுக்குத்தானே ரெண்டு ஒட்டகத்த வித்து புதுச் சக்கரம் வாங்குன? டயர் கழலவே கழலாதுன்னு பீத்திக்கிட்டியே!"

அவள் சொன்னதில் பொய்யில்லை. பழைய இரும்புச் சக்கரங்களைத் தூக்கிப்போட்டுவிட்டு வாங்கிய அலாய் சக்கரங்கள் அவை. டயரின் விளிம்பை ஒரு வளையம் வைத்து, இருபத்து நாலு போல்ட்டால் சக்கரத்தோடு இறுக்கியிருக்கும். காற்று எவ்வளவு குறைந்தாலும் டயர் நழுவாது. இன்று அத்தனை மணல்மேடுகளையும் ஏறி இறங்கியது அவற்றின் புண்ணியத்தில்தான்.

ஆனால் தாரில் வேகமெடுத்தால் காற்றில்லாத டயர் சூடேறி வெடிக்கும். அதை எந்த வளையமும் தடுக்காது.

முதல் சக்கரம் முடிந்தது. இரண்டாவதில் காற்றளவு காட்டும் முள் நகர்கிறதா என்றே தெரியவில்லை. உள்ளே ஸுவைனா அலறினாள். ஒருவழியாக அதுவும் ஏறியது.

"பிள்ள வண்டியிலயே பொறந்துரும்போல இருக்கு! ரெண்டு ஏத்தியாச்சுல்ல, எடு வண்டிய!" ஷம்ஸா மறுபடியும் கத்தினாள்.

குழாயைப் பிடித்தபடி நின்றுவிட்டான். கிளம்பிவிடலாமா?

ஸுவைனா தலையைத் தூக்கினாள். "நாலுக்கும் அடிங்க." பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். "போன தடவ, ரெண்டு போதும், கிளம்புங்கன்னு கத்துனது நான்க்கா. இவரு இல்ல."

ஷம்ஸா கல்ஃபானைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்றும் இப்படிப் பிரசவத்துக்குப் போகும் வழியில்தான், வளைவில் காற்று ஏற்றாத டயர் கழன்று வண்டி கவிழ்ந்தது. பெயர் வைக்காமலே புதைத்த பிள்ளைக்காக இரண்டு வருடமாக ஊரே கல்ஃபானைத்தான் கரித்துக்கொட்டியது. ஷம்ஸாதான் அதில் முதல் ஆள். அவன் ஒருவரிடமும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை.

மூன்றாவது சக்கரத்தில் காற்று ஏறத் தொடங்கியது.

ஷம்ஸா இறங்கி வந்தாள். நாலாவதின் வால்வு மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் வருவதற்காக அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.