நான்கு வெள்ளை வட்டங்கள்

விடைத்தாள் திருத்தும் இயந்திரத்துக்குத் தன் கண்மேல் அபாரப் பெருமை. ஒரு லட்சம் தாள்களைப் பார்த்தும் ஒன்றில்கூட அது பிழை விட்டதில்லை.

ரொகையாவின் விடைத்தாள் உள்ளே வந்தது. நாற்பத்தேழாம் கேள்விக்கு மட்டும் நான்கு வட்டங்களும் வெள்ளையாக இருந்தன.

“உன் பொண்ணுக்கு விடை தெரியலையாக்கும்?” என்றது இயந்திரம்.

“தெரிஞ்சதாலதான் விட்டுட்டா,” என்றது தாள். “காலையில ஒன்பது மணிக்குக் கிளம்புற பஸ், அன்னிக்கே எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்னு கேள்வி. கொடுத்திருக்கிற நாலு விடையிலயும் காலையில எட்டு மணிக்குள்ளயே போய்ச் சேர்ந்துடுது.”

“பஸ்ஸெல்லாம் எனக்குத் தெரியாது. கறுப்பு தெரியும், வெள்ளை தெரியும். பூஜ்யம்.”

மறுவாரம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நாற்பத்தேழாம் கேள்வியே தவறாம். அதில் ஏதாவது ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கியிருந்தால் ஒரு மார்க் போட வேண்டுமாம்.

தாள்கள் மறுபடி ஓடின. வரிசையாக எல்லாருக்கும் ஒரு மார்க் ஏறியது. ரொகையாவின் தாள் கடைசியாக வந்தது.

“மறுபடியும் பூஜ்யம்!” என்றது இயந்திரம். “லட்சம் பேர்ல உன் பொண்ணு ஒருத்திதான்.”

“ஆமா, அவ ஒருத்திதான்,” என்ற தாள், அந்த லட்சம் தாள்களுக்கும் மேலே போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படுத்தது.